முதலில் வறுக்கவும்

ஆம்பூர்ப் பக்கத்துப் பெண்கள் பலரையும் போல சோபனாவும் பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஷூ கம்பெனிக்குப் போனாள். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற பிரிவில் மெஷின் கொடுத்தார்கள். ஒரே வளைவு, ஒரே தையல், காலையிலிருந்து சாயங்காலம் வரை. கை வேகம் அவளுக்கு இயல்பாகவே இருந்ததால் சூப்பர்வைசர்களுக்கு அவளைப் பிடிக்கும். ஆனால் அவளால் உட்கார முடியாது. தண்ணீர் குடிக்க எழுந்தவள் பக்கத்து வரிசையில் நூல் சிக்கியதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். தன் மெஷினுக்கு எண்ணெய் விட வந்த மெக்கானிக்கிடமிருந்து எண்ணெய்க் குப்பியை வாங்கித் தானே விடுவாள். அந்தக் கம்பெனியை விட்டு இன்னொன்று, அதை விட்டு வேலூரில் ஒரு துணிக்கடை, பிறகு ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயம்மா வேலை என்று மாறிக்கொண்டே இருந்தாள். கணவன் முனிரத்தினம் தோல் பதனிடும் தொழிற்சாலையில் தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்மை ஓட்டுகிறவன், ஒரே இடத்தில் வருஷக்கணக்காக இருப்பவன். "உனக்குக் கால்ல சக்கரம் இல்ல, மோட்டாரே வெச்சிருக்கு" என்பான்.

சமையல் வேலைதான் அவளுக்குப் பொருந்தி வந்தது. ஒரே நேரத்தில் மூன்று அடுப்பையும் பார்க்கலாம், நடுவில் மார்க்கெட்டுக்கு ஓடலாம், யாரும் உட்காரச் சொல்ல மாட்டார்கள். பைபாஸ் ஓரத்தில் ஒரு ஷூ கம்பெனி, வெளிநாட்டுத் தொழில்நுட்ப ஆட்களுக்காகக் கெஸ்ட் ஹவுஸ் ஒன்று நடத்தியது. அங்கே சமையலுக்கு அவளை வைத்துக்கொண்டார்கள். அவள் சேர்ந்த சமயத்தில் அங்கே தங்கியிருந்தவர் ஒரே ஒருவர்தான், சீனாவின் ஃபூஜியான் பக்கத்திலிருந்து வந்த லின். பாத வடிவ அச்சின் மேல் தோலை இழுத்து ஒட்டும் புது மெஷின்களை நிறுவி, ஆட்களுக்குப் பழக்கிக் கொடுப்பது அவர் வேலை. ஐம்பதை நெருங்குகிறவர், ஒல்லி. கம்பெனியில் மெஷின் முன்னால் கத்திக்கொண்டே இருப்பார், கெஸ்ட் ஹவுஸுக்கு வந்தால் வாய் திறக்க மாட்டார்.

அவருக்கும் சோபனாவுக்கும் நடுவே பாஷை என்று ஒன்றுமில்லை. கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருந்த அலீனா என்ற வாணியம்பாடிப் பெண்ணுக்குச் சீனமொழி தெரியும். முக்கியமான விஷயம் என்றால் அவளுக்குப் போன் போட்டுப் பேசச் சொல்வார்கள். மற்ற நேரத்தில் லின் தன் போனில் எதையோ தட்டுவார், போன் தமிழில் பேசும். மீனில் காரம் கம்மி செய்யவும். நாளை முட்டை வேண்டாம். ஒரு தடவை அது "என் சட்டை பசியாக இருக்கிறது" என்றது. சோபனா சிரித்துவிட்டு இஸ்திரி போட்டு வைத்தாள். அவர் தலையாட்டினார், அதுதான் கேட்டிருந்தார் போல.

லின்னுக்கு இடுப்பிலும் முழங்காலிலும் குடைச்சல். ஊரிலிருந்து ஒரு மருந்து கொண்டு வந்திருந்தார். ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று காகிதத்தில் கட்டி ஒரு பை நிறைய. கூடவே மின்சாரத்தில் ஓடும் ஒரு மண் பானை. பொட்டலத்தை எப்படி எப்படியோ போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பித்தானை அழுத்திவிட்டு அறைக்குப் போய்விடுவார், நடுவில் ஒரு தடவை வந்து எதையோ சேர்ப்பார், பானை அது பாட்டுக்குக் கொதித்து நிற்கும். வாரத்தில் ஓரிரு நாள் இது நடக்கும். சோபனா அந்தப் பக்கம் போனதில்லை. அந்த வாசனை மட்டும் அவளுக்குத் தெரிந்ததாக இருந்தது, ஆனால் என்னவென்று பிடிபடவில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் மின்சாரம் போய்ப் போய் வந்தது. பானை புகைந்து கருகி நின்றுவிட்டது. அந்த வாரம் அலீனா தம்பி கல்யாணத்துக்காக லீவில் இருந்தாள்.

மறுநாள் காலை லின் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து சமையல் மேடையில் பிரித்தார். சோபனா குனிந்து பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷமாகிவிட்டது. ஒன்று சுக்கு. இன்னொன்று அதிமதுரம், சீவல் சீவலாக. வாசனை அதுதான். மூன்றாவது மட்டும் தெரியாதது. கருப்பாக, ஓரத்தில் கண்ணாடி போல மினுமினுக்கும் தட்டைத் துண்டுகள்.

லின் அந்தக் கருப்புத் துண்டுகளைத் தனியாக ஒதுக்கி வைத்து, போனில் தட்டினார். போன் சொன்னது: "கருப்புத் துண்டை முதலில் ஒரு மணி நேரம் வறுக்கவும். பிறகு மற்றவற்றைச் சேர்த்துக் கொதிக்க விடவும்."

சோபனா தலையாட்டினாள். வறுத்துக் கஷாயம் வைப்பது அவளுக்குப் புதிதா? மல்லி வறுப்பதில்லையா, மிளகு வறுப்பதில்லையா? ஒரு மணி நேரம் என்றதுதான் சிரிப்பாக இருந்தது. ஒரு மணி நேரம் எதை வறுத்தாலும் கரிதான் மிஞ்சும். ஆம்பளை, அடுப்படி தெரியாதவர், நேரத்தை ஏதோ தப்பாகத் தட்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். லின் குளிக்கப் போனார், பிறகு ஊரில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்.

வாணலியில் கருப்புத் துண்டுகளைப் போட்டு, மணம் வரும் வரை புரட்டினாள். எல்லாவற்றையும் சேர்த்து மிக்ஸியில் ஒன்றிரண்டாக ஓட்டினாள். அப்படிச் செய்தால்தானே சாறு இறங்கும். இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்து ஒரு டம்ளராகச் சுண்டவிட்டாள். பக்கத்து அடுப்பில் இட்லி, இன்னொன்றில் பால். மார்க்கெட்டுக்கு வேறு போக வேண்டியிருந்ததால் தீயைப் பெரிதாக வைத்தாள், சீக்கிரமே சுண்டிவிட்டது. வடிகட்டி, மூடி போட்டு வைத்தாள்.

லின் வந்து உட்கார்ந்து, டம்ளரை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தார். சோபனா பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டவில்லை, உள்ளே ஏதோ விழுகிற சத்தம் கேட்டது.

லின் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரலால் உதட்டைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பிறகு நாக்கை. பிறகு இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டி, அவை தன்னுடையவை அல்ல என்பது போலப் பார்த்தார். வாந்தி எடுத்தார். முகம் வெளுத்து வியர்வை வழிந்தது. சோபனா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். ஆஸ்பத்திரியில் இருந்தபோது நாடி பார்க்கக் கற்றிருந்தாள். அது ஓடியது, நின்றது, இரண்டு மூன்று சேர்ந்து குதித்தது. அவள் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, கம்பெனிக்குப் போன் போட்டு, வண்டி வருவதற்குள் அவரைத் தோளில் சாய்த்துக் கேட்டுக்குக் கொண்டு வந்துவிட்டாள். நிர்வாக மேலாளர் பரணிதரன் காரில் வந்தார். லின்னை ஏற்றிக்கொண்டு வேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

மதியத்துக்குள் பரணிதரன் திரும்பி வந்தார். இதயத் துடிப்பு ஒழுங்கில் இல்லை, ஐசியூவில் வைத்திருக்கிறார்கள், ஏதோ விஷம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள் என்றார். மேடை மேல் இருந்த காலி டம்ளரைத் தொடாமல் காகிதத்தில் சுற்றினார். லின்னின் அறையிலிருந்து மிச்சப் பொட்டலங்களையும் எடுத்துக்கொண்டார்.

"இன்னா கலந்தேம்மா அதுல?"

"நான் இன்னா சார் கலக்கப் போறேன். அவரு குடுத்த மருந்துதான் சார். வறுத்து வெக்கச் சொன்னாரு, வெச்சிக் குடுத்தேன்."

"வீட்டு சாமான் எதனா சேர்த்தியா? பூச்சி மருந்து எங்கனா பக்கத்துல இருந்துச்சா?"

"இல்ல சார்."

"ஆஸ்பத்திரில இருந்து போலீசுக்குச் சொல்லிட்டாங்க. அது அவங்க ரூல். நீ வீட்டுக்குப் போ. கூப்பிடற வரைக்கும் வராத." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நான் உன்னச் சந்தேகப்படல. ஆனா எனக்கு மேல இருக்கறவங்க கேப்பாங்க இல்ல" என்றார்.

அவர் போன பிறகு சோபனா அடுப்படியைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். மிக்ஸிக்குப் பின்னால், சுவர் ஓரமாக, ஒரு கருப்புத் துண்டு கிடந்தது. வறுக்க எடுத்தபோது நழுவி விழுந்திருக்க வேண்டும். அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வீட்டில் அவளால் இருக்க முடியவில்லை. துணியைத் துவைத்தாள், காய்ந்த துணியையும் எடுத்துத் துவைத்தாள். ஸ்டேஷனிலிருந்து ஏட்டு போன் செய்து, விசாரணை முடியும் வரை ஊரை விட்டு எங்கும் போக வேண்டாம் என்றார். சரிங்க சார் என்றாள். பரணிதரனுக்கு நான்கு தடவை போன் செய்தாள், எடுக்கவில்லை. முனிரத்தினம் வேலை முடிந்து வந்தபோது அவள் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். ஒரு மணி நேரம் என்று போன் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை. வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

"அதே மருந்ததான் அவரு இம்மாந்நாளா குடிச்சாரு" என்றாள். "அவரு வெச்சா ஒண்ணும் ஆவல. நான் வெச்சா எப்டிங்க விஷமாவும்? நான் இன்னா கையில விஷமா வெச்சினு கீறேன்?"

முனிரத்தினம் காலைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். அவன் கை விரல்கள் எப்போதும் போல டிரம் தண்ணீரில் நீலம் பாய்ந்து இருந்தன.

"பொருள் அதேதான் இருக்கும். நீ எப்டி வெச்ச, அவரு எப்டி வெச்சாரு?" என்றான். "எங்க டிரம்ல உப்பும் ஆசிடும் போட்டு ஓட்டி, தோல் உள்ளாற எல்லாம் ஊறினாத்தான் பதப்படுத்தற குரோம் போடுவோம். அப்பதான் குரோம் உள்ள போவும். அது ஊறாம அவசரப்பட்டு குரோமைக் கொட்டினா மேலயே புடிச்சிக்கும். தோலு முரடா போய்டும், ஒண்ணத்துக்கும் ஆவாது. அதே உப்பு, அதே ஆசிட், அதே குரோம்."

சோபனா நடப்பதை நிறுத்தினாள். இன்றைக்கு முழுக்க எல்லோரும் அவளிடம் என்ன கலந்தாய் என்றே கேட்டிருந்தார்கள். எப்படி வைத்தாய் என்று கேட்ட முதல் ஆள் இவன்தான். அதற்குப் பதில் தெரிந்துகொள்ளாமல் இனி அவளால் இருக்க முடியாது என்பது அவளுக்கே தெரிந்தது.

காலையில் ஏட்டு சொன்னதை மறந்தவள் போல வேலூர் பஸ்ஸில் ஏறினாள். துணிக்கடையில் வேலை பார்த்த நாட்களிலிருந்து லாங் பஜாரில் ஒரு நாட்டு மருந்துக் கடையை அவளுக்குத் தெரியும். கைவண்டிகளுக்கும் பைக்குகளுக்கும் நடுவே இடித்துப் புகுந்து போனாள். கடையைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தான் சுஹேல் அகமது. அவள் வயதுதான் இருக்கும். பார்மசி படித்துவிட்டு அப்பாவுக்குப் பிறகு கடைக்கு வந்தவன்.

உறையை மேஜை மேல் வைத்தாள். "பாய், இது இன்னான்னு சொல்லுங்க."

அவன் உறையைத் திறந்தான், துண்டைக் கையில் எடுக்கவில்லை. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"இது நம்ம சரக்கு இல்லக்கா. எங்க கெடச்சிச்சி?"

"சீனாக்காரரு ஒருத்தரு கொண்டாந்தாரு."

"அப்பிடின்னா சரி." உறையை மூடினான். "இது நாபி ஜாதி. வச்சநாபின்னு கேள்விப்பட்டிருப்பீங்க. சீனால இந்தக் கிழங்க உப்புத்தண்ணியில ஊற வெச்சி, வேக வெச்சி, பாதி விஷத்த எடுத்துட்டு விக்கறாங்க. மீதிய வீட்ல எடுக்கணும். நம்ம வைத்தியர்ங்க நாபியக் கோமூத்திரத்துல ஊற வெப்பாங்க, பால்ல வேக வெப்பாங்க. சுத்தி பண்ணாம எவனும் குடுக்க மாட்டான். இத யாருக்கும் குடுத்திடலயே?"

சோபனா உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, இத எப்டிப் பண்ணீங்க?"

"வறுத்து, பொடிச்சி, கஷாயம் வெச்சேன்."

சுஹேல் சாம்பிராணிக் கரண்டியைக் கீழே வைத்தான். "வறுக்கச் சொன்னது யாரு? இது தண்ணியில மணிக்கணக்கா வேகணும்க்கா. ஆளு எப்டி இருக்காரு?"

"ஐசியூல."

"இங்க நின்னுக்கினு இருக்கீங்களே. போயி டாக்டர்கிட்ட இதச் சொல்லுங்க, எப்டி செஞ்சீங்கன்னு ஒண்ணு விடாம. அவங்களுக்கு அது தெரியணும்."

கடையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்திருக்கலாம். சிக்னலில் நிற்க வேண்டுமே என்று நடந்தாள். வழி முழுக்க அந்த ஒரு மணி நேரம் காதில் கேட்டுக்கொண்டே வந்தது. போன் லின்னிடம்தான் இருக்கிறது, பூட்டிய போன். அவர் கண் விழிக்காவிட்டால் அது என்ன சொன்னது என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. விழித்தாலும், தமிழில் அது என்ன சொன்னது என்று அவருக்கே தெரியாது. இந்த நினைப்பு வந்ததும் இன்னும் வேகமாக நடந்தாள்.

ஐசியூ வாசலில் பரணிதரன் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். "உன்ன வீட்லதானே இருக்கச் சொன்னேன்?"

"டாக்டரைப் பாக்கணும் சார்."

பார்க்க விடமாட்டார் என்று நினைத்தாள். ஆனால் அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சொன்னார். வந்தது நடுத்தர வயதுள்ள ஒரு பெண் டாக்டர், பெயர் பலகையில் நிஷா என்று இருந்தது. என்ன விஷம் என்பது அவருக்கு முதல் நாளே தெரிந்திருந்தது; பொட்டலத்தின் படத்தைப் பார்த்து, துடிப்பின் போக்கைப் பார்த்துக் கண்டுபிடித்து துடிப்பைச் சீராக்கும் மருந்தையும் கொடுத்துவிட்டிருந்தார். அவருக்குப் புரியாதது ஒன்றுதான். இத்தனை நாளாகக் குடித்து வந்தவருக்கு நேற்று மட்டும் ஏன் இப்படி?

"எப்படிச் செஞ்சீங்க? மெதுவா, வரிசையாச் சொல்லுங்க."

சோபனா சொன்னாள். வறுத்தது, மிக்ஸியில் ஓட்டியது, இரண்டு டம்ளரை ஒன்றாகச் சுண்டவிட்டது, பெரிய தீ.

"மொத்தம் எவ்வளவு நேரம் கொதிச்சிருக்கும்?"

"ஒரு ஈடு இட்லி வேகற நேரம் மேடம். கொஞ்சம் கூட இருக்கும்."

"அவர் நேரம் ஏதாவது சொன்னாரா?"

பரணிதரன் பக்கத்தில் நின்றிருந்தார். சோபனா தரையைப் பார்த்தாள்.

"சொன்னாரு மேடம். போன்ல சொல்லிச்சி. ஒரு மணி நேரம்னு. ஒரு மணி நேரம் யாரு வறுப்பான்னு நான்தான் வுட்டுட்டேன்."

"இத ஏம்மா நேத்தே சொல்லல?" என்றார் பரணிதரன்.

"நேத்து நீங்க இன்னா கலந்தேன்னுதான் சார் கேட்டீங்க."

டாக்டர் நிஷா அவளை அங்கிருந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. டாக்டரும் நின்றுகொண்டே பேசினார்.

"அந்தக் கிழங்குல இருக்கற விஷத்துக்கு அகோனிடின்னு பேர். தண்ணியில ரொம்ப நேரம் கொதிச்சா, தண்ணியே அதைத் துண்டு துண்டா உடைச்சிடும். உடைஞ்சதுல விஷம் பல மடங்கு கம்மி, வலிக்குக் கேக்கற குணம் மட்டும் நிக்கும்னு அவங்க வைத்தியத்துல சொல்றாங்க. வாணலியில புரட்டினப்ப அங்க தண்ணி இல்ல, நேரமும் இல்ல. பொடிச்சதால இன்னும் மோசம். முழுத் துண்டா இருந்திருந்தா மெதுவா இறங்கியிருக்கும். பொடியில இருந்து எல்லாம் சீக்கிரமாத் தண்ணிக்கு வந்துடுச்சு. வந்தது உடையறதுக்குள்ள அடுப்ப அணைச்சிட்டீங்க."

"ஒரு டம்ளரா சுண்டினா சரின்னு இருந்தேன் மேடம். எங்க ஊட்ல அப்டித்தான் வெப்போம்."

"சுண்டறது தண்ணி. பெரிய தீ வெச்சா சீக்கிரம் சுண்டிடும். விஷம் அந்த வேகத்துல உடையாது, கெட்டியாகத்தான் ஆகும்."

சோபனா அதைத் தனக்குள்ளே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு, "அவரு பொழைச்சிக்குவாரா மேடம்?" என்றாள்.

"ராத்திரியே துடிப்பு சீராகிடுச்சு. இன்னும் ஒரு நாள் பாக்கணும்."

அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் எழுந்து, முகம் கழுவப் போனாள்.

மறுநாளும் வந்தாள். லின்னை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். கல்யாணம் முடிந்த மறுநாளே அலீனாவும் கையில் மருதாணியோடு வந்திருந்தாள். சோபனா வாசலிலேயே அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"வறுக்கச் சொன்னாரா இல்லையான்னு கேளு. எனக்கு அது தெரிஞ்சாவணும்."

லின் தலையணையில் சாய்ந்திருந்தார். கேட்டதும் போனைத் திறந்து, அன்று தட்டியதைக் காட்டினார். அலீனா படித்தாள். பிறகு தமிழ் வரியைப் படித்தாள். மறுபடி சீன வரிக்குப் போனாள்.

"இதுல தப்பு அவரு பண்ணல, நீங்களும் பண்ணலக்கா" என்றாள். "இந்த எழுத்துக்கு ரெண்டு அர்த்தம். சமையல்ல வந்தா வறுக்கறது, பொரிக்கறது. மருந்துச் சீட்டுல வந்தா தண்ணியில காய்ச்சறது. அவரு எழுதினது, கருப்புத் துண்ட மட்டும் முதல்ல ஒரு மணி நேரம் காய்ச்சு, அப்புறம் மத்தத சேர்த்துக் காய்ச்சுன்னு. அவங்க ஊருல மருந்துச் சீட்டுலயே அப்படித்தான் போடுவாங்க. போனுக்கு இது மருந்துன்னு எப்டித் தெரியும்?"

"ஒரு மணி நேரம் கரெக்டா சொல்லிச்சே" என்றாள் சோபனா. "அத நான் கேட்டேன். கேட்டும் வுட்டுட்டேன். அதயும் சொல்லு அவருகிட்ட."

அலீனா தயங்கினாள். "சொல்லித்தான் ஆவணுமா அக்கா?"

"சொல்லு."

அலீனா சொன்னாள். லின் சோபனாவைப் பார்த்தார். சோபனா புடவைத் தலைப்பை விரலில் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் மெதுவாக, நீளமாகப் பேசினார். தொண்டை இன்னும் கரகரவென்று இருந்தது.

"அவரும் தப்புதான்னு சொல்றாரு" என்றாள் அலீனா. "மககிட்ட பேசிக்கினு இருந்ததுல எவ்ளோ நேரம் ஆச்சுன்னு பாக்கலயாம். டம்ளர எடுத்தப்ப வாசனை வேற மாதிரி, கருகின மாதிரி இருந்துச்சாம். கலங்கலாவும் இருந்துச்சாம். ஒரு தடவை யோசிச்சாராம். நீங்க பையைத் தூக்கிக்கினு அவசரமா கிளம்பிட்டு இருந்தீங்களாம். கேட்டா உங்கள நிறுத்தி வெக்கணும், போன எடுத்துத் தட்டணும். எதுக்குன்னு குடிச்சிட்டாராம்."

சோபனா கொண்டு வந்த கஞ்சியை ஊற்றிக் கொடுத்தாள். லின் கரண்டியை எடுத்து, கஞ்சியை முகர்ந்து பார்த்தார். உடனே தான் செய்ததை உணர்ந்தவர் போல அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, வேகமாகக் குடித்தார். அவள் அதைக் கவனித்தாள். மனசு சுருக்கென்றது. முகராமல் எப்படிக் குடிப்பார் என்றும் நினைத்துக்கொண்டாள்.

ஏட்டு வந்து கேட்டபோது லின் புகார் ஏதும் இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பரணிதரன் சோபனாவைத் திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரச் சொன்னார். இனி கெஸ்ட் ஹவுஸில் சமையல் செய்கிறவர்கள், தங்க வருகிற யாருக்கும் மருந்து காய்ச்சித் தரக்கூடாது என்றும் சொன்னார். இந்த வேலையை விட்டுவிடலாம் என்று பஸ்ஸில் போகும்போது நினைத்தாள். சத்துவாச்சாரியில் ஒரு காலேஜ் கேன்டீனில் ஆள் கேட்டிருந்தார்கள். ஆனால் இப்போது போனால் ஓடிப்போனதாக ஆகும் என்று வீடு வந்து சேர்வதற்குள் மனதை மாற்றிக்கொண்டாள். அதற்கு முன் எந்த வேலையை விட்டபோதும் அவள் இப்படி யோசித்ததில்லை.

லின் ஒரு வாரம் ஓய்வெடுத்தார். டாக்டர் நிஷா அந்தக் கருப்புக் கிழங்கை இனித் தொடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். லின் தன் ஊர் வைத்தியரோடு பேசினார். அவர் நாபியை எடுத்துவிட்டு, மழையில் பிடித்த சளிக்கும் உடம்பு வலிக்கும் வேறு ஒன்றை எழுதி அனுப்பினார். மூலிகைகள் சென்னையிலிருந்து வந்தன. புதுப் பானை இன்னும் வரவில்லை. அதனால் ஒரு காலையில் லின் கையில் பொட்டலத்தோடு அடுப்படி வாசலில் வந்து நின்றார். உள்ளே வரலாமா என்று கேட்பது போல நின்றார்.

சோபனா ஓர் அடுப்பைக் காலி செய்து கொடுத்தாள். பிறகு அலீனாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"நான் எதையும் தொட மாட்டேன். அவரே வெக்கட்டும். இன்னா செய்யறாருன்னு எனக்கு மட்டும் சொல்லு."

லின் ஒரு மண் சட்டியில் முதலில் எல்லாவற்றையும் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்தார். ஒரு சின்னக் காகித மடிப்பை மட்டும் தனியாக வைத்தார்.

"அது புதினா மாதிரி ஒரு இலையாம்" என்றாள் அலீனா. "கடைசியிலதான் போடணுமாம். முன்னாடியே போட்டா அதுல இருக்கற எண்ணெய் ஆவியாப் போய்டுமாம். வெறும் இலைச்சாறுதான் மிஞ்சும்."

"கடைசின்னா? அணைச்சப்புறமா, அணைக்கறதுக்கு முன்னாடியா?"

அலீனா கேட்டாள். "முன்னாடி. அஞ்சு நிமிஷம் இருக்கும்போது."

"மூடி போட்டா, தொறந்தா?"

"மூடி போட்டு."

"காய்ச்சறதுன்னுதானே சொல்றாரு? வறுக்கறது ஒண்ணும் இல்லியே?"

"இல்லக்கா" என்று அலீனா சிரித்தாள். லின்னுக்கும் கேள்வி என்னவென்று புரிந்துவிட்டது. அவர் வாணலியைச் சுட்டிக் காட்டிக் கையை ஆட்டினார்.

சட்டி கொதிக்கத் தொடங்கியதும் லின் தீயைச் சிறிதாக்கினார். சோபனா வெங்காயம் நறுக்கினாள், பாதியில் விட்டுவிட்டு வாசலுக்குப் போனாள், திரும்பி வந்து சட்டியைப் பார்த்தாள். லின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவள் போவதும் வருவதும் அவருக்கு என்னவோ போலிருந்திருக்க வேண்டும். கடைசியில் எழுந்து ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். இலையைப் போட்டு மூடியபோது அடுப்படி முழுக்கச் சில்லென்று ஒரு மணம் வந்தது.

அவர் வடிகட்டி, ஆற்றி, குடித்தார். சோபனா எதிரே நின்று அவர் உதட்டையே பார்த்தாள். தன் உதட்டைத் தொட்டுக் காட்டி, மரத்துப் போகிறதா என்று சைகையில் கேட்டாள். அவர் இல்லை என்றார். அந்தக் கிழங்கு இதில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது இன்னொரு தடவை கேட்டாள். வேன் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போயிற்று.

மார்க்கெட்டுக்குப் போய் வந்தாள். மீனைக் கழுவினாள், சாப்பிட மட்டும் மனம் வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு மேல் இருப்புக் கொள்ளாமல் அலீனாவுக்குப் போன் போட்டாள்.

"லின் சார் நல்லா கீறாரா?"

"கீறாருக்கா. ஏன்?"

"நீ பாத்தியா, இல்ல சும்மா சொல்றியா?"

அலீனா எழுந்து நடக்கும் சத்தம் கேட்டது. ஒரு கதவு திறந்தது. மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே ஒரு மனிதர் சீனமொழியில் யாரையோ உரக்கத் திட்டிக்கொண்டிருந்தார்.

"கேக்குதா?" என்றாள் அலீனா.

"கேக்குது, கேக்குது. வெச்சிடு."

சோபனா போனை மேடை மேல் வைத்துவிட்டு, தனக்கு ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டாள்.